சீஸ்டார் எஸ்50: இருண்ட நெபுலா பிடிக்க எப்படி?

சீஸ்டார் எஸ்50 என்ற சிறு தானியங்கி தொலைநோக்கியை ஒளிரும் நெபுலாக்களை (விண்வெளியின் வாயு, தூசு மேகங்களை) வைத்துத்தான் பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள். இருண்ட நெபுலா வேறு கணக்கு. அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாலிருக்கும் ஒளியை மறைப்பதால்தான் கண்ணில் படுகிறது. 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத்தூரம், சுமார் 1.3-க்கு 0.7 டிகிரி புலம். இதற்குள் அடங்கும் இலக்காகத் தேர்ந்தால் கருவி நன்றாகவே உழைக்கிறது.

முதல் தவறு ஃபில்டரில் நடக்கும். உள்ளேயுள்ள இரட்டைப்பட்டை ஃபில்டர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும். கழுகு விண்மீன் மண்டலத்தில் ஆங்கில E வடிவில் தெரியும் இருண்ட நெபுலாவான பர்னார்டின் 'ஈ'க்கு (பர்னார்டின் பட்டியலில் பி142, பி143) அதை அணைத்துவிடுங்கள். பின்னணி விண்மீன்களின் ஒளி வெட்டுப்பட்டால் நிழலும் காணாமல் போகும். குதிரைத்தலை நெபுலா (பி33) ஒரு விதிவிலக்கு: அதன் பின்னால் ஒளிர்வது ஐசி 434 என்ற நெபுலாவின் சிவப்பு ஹைட்ரஜன், ஃபில்டர் போட்டே ஆக வேண்டும். படத்தில் தலை ஏறக்குறைய 150 பிக்சல்தான் வரும்.

சென்னை அட்சரேகையில் 'ஈ' ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே கடக்கிறது. அங்கே மேல்-கீழாகவும் இட-வலமாகவும் திரும்பும் அல்ட்-அஸிமத் மவுண்ட் திணறும், புலம் வேகமாகச் சுழலும், ஃப்ரேம்கள் வீணாகும். கிழக்கிலோ மேற்கிலோ 40–70 டிகிரி உயரத்தில் இருக்கும்போது எடுங்கள். 10 நொடி ஃப்ரேமாக 2 மணி நேரம், அதாவது 720 ஃப்ரேம். கருவியை வானத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் ஈக்வடோரியல் முறைக்கு மாறலாம்; ஆனால் 13 டிகிரி அட்சரேகையில் கருவி கிட்டத்தட்டப் படுத்துவிடும். முக்காலியின் ஒரு கால் வடக்கே, கருவி சாயும் பக்கத்துக்கு அடியில் வராவிட்டால் எல்லாம் சேர்ந்து கவிழும்.

நகர வானத்தில் இதற்கு முயலவே வேண்டாம். காவலூர் போன்ற மலைப்பகுதி, அமாவாசையை ஒட்டிய இரவுகள், பனி ஹீட்டர், கூடவே ஒரு பவர் பேங்க்.

செயலி தரும் ஜேபெக்கை நம்பாமல் மூலத் தரவுள்ள ஃபிட்ஸ் கோப்பை சிரில் என்ற வானியல் பட மென்பொருளில் திறங்கள். பின்னணி நீக்கும்போது மாதிரிப் புள்ளி ஒன்றுகூட இருண்ட பகுதியில் விழக்கூடாது. விழுந்தால் மென்பொருள் நெபுலாவையே கறை என்று நினைத்துத் துடைத்துவிடும். பின்னணிக்குப் படி 1 (degree 1) பல்லுறுப்பிக் கோவையே போதும்.

பைப் நெபுலா சுமார் 7 டிகிரி நீளம், புலத்தில் அடங்காது. அதன் முனையிலுள்ள பி59-இன் மையத்தைக் குறிவையுங்கள். தெற்கு வானம் நமக்கு வாய்த்த வரம். பி59-இல் தூசு வெளி ஒளியைத் தடுக்க, உள்ளே வாயு −263 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்கிறது. குளிர்ந்த வாயுவுக்கு அழுத்தம் குறைவு. ஈர்ப்பு மிஞ்சும் இடத்தில் கட்டி சுருங்கி விண்மீன் கருக்கொள்கிறது. அப்படிப் பிறந்த பத்துக்கும் மேற்பட்ட இளம் விண்மீன்களை அகச்சிவப்புக் கருவிகள் அங்கே கண்டிருக்கின்றன. எஸ்50-இன் சாதாரண ஃபில்டர் அகச்சிவப்பை வெட்டுவதால் நமக்குக் கிடைப்பது திரை மட்டுமே.

திரைக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் எட்டிப்பார்க்கும் ஒன்றும் இருக்கிறது: ஹப்பிளின் மாறும் நெபுலா எனப்படும் என்ஜிசி 2261. படத்தில் 50 பிக்சல் அகலமே உள்ள சிறு விசிறி. அதன் நுனியிலிருக்கும் இளம் விண்மீன் ஆர் மோனோசெரோட்டிஸைச் சுற்றி நகரும் தூசு, விசிறியின்மேல் நிழலை வீசுகிறது. ஒரே அமைப்பில், இரட்டைப்பட்டை ஃபில்டர் இல்லாமல், சில வார இடைவெளியில் எடுத்து அடுக்கிப் பாருங்கள். நிழல் இடம் மாறியிருக்கும்.