வீட்டு மின்சாரத்தில் ஒரு பழைய தொழிற்சாலைக் கம்ப்ரசர்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கடலூர் புதுப்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டின் தோட்டப்பக்கக் கொட்டகையில் கடந்த மூன்று மாதங்களாக ஒரு பழைய தொழிற்சாலைக் கம்ப்ரசர் வேலை செய்துகொண்டிருக்கிறது. 3 ஹெச்.பி. மோட்டார், காற்றை இரண்டு கட்டமாக அழுத்தும் இரட்டை சிலிண்டர் ஹெட், 160 லிட்டர் டேங்க், பெல்ட்டில் சுழலும் அமைப்பு. புதுச்சேரியில் பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் 24,000 ரூபாய்க்கு எடுத்தேன். உப்புக் காற்றில் எங்கள் தெருவில் எந்த இரும்பு கேட்டும் இரண்டு மழைக்காலங்களுக்கு மேல் நிறத்தோடு நிற்பதில்லை என்பதால், கேட்டையும் கிரில்களையும் தாத்தா காலத்துத் தேக்குக் கதவுகளையும் நானே ஸ்பிரே அடித்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். இயந்திரம் நல்லது, வீட்டு மின்சாரத்தில் அப்படியே ஓடும் என்று சொல்லி விற்ற பேச்சு நல்லதல்ல.

கடையில் ஓட்டிக் காட்டினார்கள். ஹெட்டில் தட்டும் சத்தம் எதுவும் இல்லை, எண்ணெய் அளவு காட்டும் கண்ணாடியில் எண்ணெய் தெளிவாக இருந்தது, 8 கிலோ அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ) வந்ததும் பிரஷர் சுவிட்ச் தானாகவே நிறுத்தியது. ஆனால் அந்தக் கடையில் இருப்பது மும்முனை மின்சாரம். எங்கள் வீட்டில் இருப்பது 230 வோல்ட் ஒருமுனை இணைப்பு. அதைக் கேட்டபோது, "கெப்பாசிட்டர் பெட்டி ஒன்று போட்டுத் தருகிறோம் சார், வீட்டுக் கரண்டிலேயே ஓடும்" என்றார் கடைக்காரர். பெயர்ப்பலகையைப் படித்துப் பார்க்காமல் அதை நம்பியது என் தவறு. வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தப் பெட்டியோடு இணைத்துச் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமியதே தவிர, சக்கரம் அரைச்சுற்றுக்கூடச் சுற்றவில்லை. பெல்ட்டைக் கழற்றினால் ஓடியது, மாட்டினால் நின்றது.

காரணம் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருந்தது: 415 வோல்ட், டெல்டா இணைப்பு. மோட்டாருக்குள் இருக்கும் மூன்று கம்பிச்சுருள்களையும் (வைண்டிங்) முக்கோணமாக இணைப்பது டெல்டா, அவற்றின் ஒரு பக்க முனைகளை ஒன்றாகச் சேர்ப்பது ஸ்டார்; டெல்டாவில் ஒவ்வொரு சுருளுக்கும் முழு மின்னழுத்தமும் கிடைக்கும். நம் நாட்டில் 2 ஹெச்.பி. வரையிலான சிறிய மும்முனை மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பில் வருகின்றன. அவற்றின் ஆறு முனைகளும் வெளியே இருந்தால், டெல்டாவாக மாற்றி 230 வோல்ட்டில் ஓட்ட வழியுண்டு. 3 ஹெச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கே டெல்டாவாகக் கட்டப்பட்டவை. மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 415 வோல்ட் கேட்கும் வைண்டிங்குக்கு 230 வோல்ட் கொடுத்தால், கிடைக்கும் விசை மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கெப்பாசிட்டர் இந்தக் குறையை ஈடுகட்டாது. நண்பர் ஒருவர் சொன்ன, ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கித் தரும் சாதாரண டிரைவும் அதே 230 வோல்ட்டைத்தான் வெளியே தரும் என்பதால், இந்த மோட்டாருக்கு அதுவும் பயன்படாது. பழைய கம்ப்ரசர் வாங்கப் போகிறவர்கள் ஹெட்டைப் பார்ப்பதற்கு முன் மோட்டாரின் பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்து, தெரிந்த வைண்டிங்காரர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கடைக்காரரைப் பற்றி ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: சண்டைக்கு நிற்காமல் பழைய மோட்டாரை 4,500 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் ரன் கெப்பாசிட்டரும் உள்ள 3 ஹெச்.பி. ஒருமுனை மோட்டாரைப் புதிதாக 14,500 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினேன். அத்துடன் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தால், உண்மையான தொல்லை அங்கேதான் தொடங்கியது.

இந்த மோட்டார் ஓடும்போது 15 ஆம்பியர் அளவுக்கு எடுக்கிறது. அதை வீட்டு இணைப்பு தாங்கிக்கொள்ளும். ஆனால் புறப்படும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில், வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர் 70 ஆம்பியரைக் காட்டியது. கொட்டகைக்குப் போயிருந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், மீட்டர் பலகையிலிருந்து 25 மீட்டர் தூரம். போக வர 50 மீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 0.37 ஓம், 70 ஆம்பியர் பாயும்போது வயரிலேயே 26 வோல்ட் தொலைந்துவிடுகிறது. 230 வோல்ட் 204 ஆக இறங்கினால் திருப்புவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மாலை நேரத்தில் தெருவின் மின்னழுத்தமே 205க்கு இறங்கியிருக்கும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை: வீட்டு விளக்குகள் மங்கின, மோட்டார் திணறியது, 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. மின்பணியாளரை அழைத்து, மீட்டர் பலகையிலிருந்து நேராக 6 சதுர மில்லிமீட்டர் வயரைத் தனியாக இழுத்து, மோட்டார்களுக்கென்றே வரும் 'டி' வகை 20 ஆம்பியர் எம்.சி.பி.யும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், தனி எர்த்தும் போட்ட பிறகு வயரில் தொலைவது 11 வோல்ட்டாகக் குறைந்தது. எம்.சி.பி. விழுகிறது என்று பழைய வயரிலேயே பெரிய எம்.சி.பி.யை மாட்டிவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு; அது வயரைத் தீப்பிடிக்க வைக்கும் வேலை.

அடுத்து புல்லி. மோட்டாரில் இருந்தது 6 அங்குலப் புல்லி, ஹெட்டின் சக்கரம் 12 அங்குலம். 1,440 சுற்றில் மோட்டார் ஓடினால் ஹெட் 720 சுற்று சுற்றும். மோட்டார் புல்லியை 5 அங்குலமாக மாற்றியதும் ஹெட்டின் வேகம் 600க்கு வந்தது. காற்று ஆறில் ஒரு பங்கு குறைந்தது. மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் 8 கிலோ அழுத்தத்தில் 13 ஆம்பியராக இறங்கியது. இதை இன்னும் குறைக்கலாமே என்று ஆசைப்படக் கூடாது. இவ்வகை ஹெட்டுகளில் எண்ணெய், கிராங்க் சுழற்சியில் தெறித்துத்தான் மேலே ஏறுகிறது. வேகம் மிகவும் குறைந்தால் பிஸ்டனுக்கு எண்ணெய் எட்டாது.

இத்தனைக்கும் பிறகு ஒரு சிக்கல் மிஞ்சியது. காலி டேங்கோடு எளிதாகப் புறப்படும் இயந்திரம், 5 கிலோவில் மறுபடி புறப்படும்போது திணறியது. நல்ல நிலையில் உள்ள கம்ப்ரசர் நிற்கும் நொடியில் 'புஸ்' என்று ஒரு சிறு மூச்சு விடும். ஹெட்டுக்கும் டேங்குக்கும் இடையிலுள்ள குழாயில் அடைபட்ட காற்றை அன்லோடர் வெளியேற்றும் ஒலி அது. அந்த மூச்சு வராவிட்டால், அடுத்த முறை மோட்டார் முழு அழுத்தத்தையும் எதிர்த்துப் புறப்பட வேண்டியிருக்கும். என் இயந்திரத்திலோ மூச்சு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. டேங்கின் வாயிலில் காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வான என்.ஆர்.வி. தேய்ந்து, டேங்குக் காற்று பின்னோக்கிக் கசிந்ததே காரணம். மும்முனை மோட்டார் இந்தக் குறையைப் பொருட்படுத்தாமல் இழுத்துவிடும்; அதனால்தான் கடையில் இது தெரியவில்லை. என்.ஆர்.வி.யும் பிரஷர் சுவிட்சும் புதிதாக மாற்ற 1,900 ரூபாய் ஆனது. சுவிட்சை 5 கிலோவில் தொடங்கி 8 கிலோவில் நிற்கும்படி அகலமாக வைத்திருக்கிறேன். அடிக்கடி புறப்பட்டால் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சூடேறிக் கெட்டுவிடும்.

டேங்க் விஷயத்தில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. அடிப்பக்க அடைப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்துரு இருந்தது, குழிந்த துரு இல்லை. பிறகு ஒரு பட்டறையில் 1,500 ரூபாய் கொடுத்து, டேங்க் முழுவதும் தண்ணீர் நிரப்பி, 10 கிலோ வேலை அழுத்தத்துக்கு 15 கிலோ வரை ஏற்றிச் சோதித்தோம். இந்தச் சோதனையைக் காற்றில் செய்யவே கூடாது: தண்ணீர் அமுங்காது என்பதால் டேங்க் விரிசல் விட்டாலும் ஒழுகி நின்றுவிடும், காற்று என்றால் வெடிக்கும். ஒட்டுப் போட்ட டேங்க் எவ்வளவு மலிவாக வந்தாலும் எனக்கு வேண்டாம்.

இப்போது அது தரும் வேலை மனநிறைவாக இருக்கிறது. காலி நிலையிலிருந்து 8 கிலோ வரை டேங்க் நிரம்ப 6 நிமிடம் 20 விநாடி ஆகிறது. அதாவது ஏறக்குறைய 1,240 லிட்டர் காற்று. கணக்குப் போட்டால் 7 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 7 கன அடி) அளவுக்கு வருகிறது. சாதாரண ஸ்பிரே கன்னுக்கு இது போதும். ஒரு கதவின் ஒரு பக்கத்தை இடையில் நிறுத்தாமல் அடித்து முடிக்க முடிகிறது. காற்றில் ஓடும் சாண்டரை (தேய்த்து வழவழப்பாக்கும் கருவி) வைத்தால் மட்டும் இரண்டு நிமிடத்தில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. மணல் வீசித் துருவெடுக்கும் வேலையை இதில் நினைத்தே பார்க்க வேண்டாம். ஒலி, மெதுவாகச் சுழல்வதால், பக்கத்து வீட்டு மாவு மில்லை விடக் குறைவு.

நம் கடலோரக் காற்றின் ஈரத்தை நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு நாளில், டேங்கை ஒருமுறை நிரப்பினாலே 25 கிராம் அளவுக்குத் தண்ணீர் உள்ளே தங்கும். அதைப்போல் பத்து மடங்கு காற்று ஓடினால் கால் லிட்டர். முதல் கதவில் வார்னிஷ் வெண்மையாகப் பூத்தது இதனால்தான். நீர்பிரிப்பான் ஒன்றை மாட்டி, வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் உள்ள டிரெயின் காக்கை (தண்ணீர் வடிக்கும் குழாய்) திறந்துவிடுகிறேன். வரும் தண்ணீர் காபி நிறத்தில் இருக்கிறது.

வயர், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் இயந்திரம் 44,400 ரூபாயில் வந்து நின்றது. டயருக்குக் காற்றடிக்கவும் எப்போதாவது ஒரு நாற்காலிக்கு வண்ணம் அடிக்கவும் வேண்டியவர்கள் 2 ஹெச்.பி. சிறிய கம்ப்ரசர் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் மும்முனை இணைப்பு உள்ளவர்கள் மோட்டாரைத் தொடாமல் அப்படியே ஓட்டலாம்; அவர்களுக்கு இந்தப் பழைய இயந்திரங்கள் மிக நல்ல பேரம். ஒருமுனை இணைப்பில் 3 ஹெச்.பி.யைத் தாண்ட வேண்டாம். கூலிக்கு வண்ணம் அடிக்கப் போகிறவர்கள், வீட்டு இணைப்பில் அதைச் செய்தால் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், பிரிவு 126இன் கீழ் அபராதக் கணக்கு வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேரத்தில் பேசிய பெல்ட் கார்டை (சுழலும் பெல்ட்டை மூடும் பாதுகாப்பு வலை) மட்டும் கடைக்காரர் இன்னும் கொடுக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் சார்" என்கிறார். கோழிக்கூண்டுக் கம்பி வலையை வளைத்து நானே ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் வரும் நாட்களில் அதற்கு மேல் கொட்டகைக்குப் பூட்டும் போடுகிறேன்.