வீட்டுக் கடன்: அரசு வங்கியா, ஹவுசிங் ஃபைனான்ஸா?

2023 மார்ச்சில் பெருங்களத்தூரில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். கடன் 40 லட்சம், 20 வருடம், அரசு வங்கி, 8.6 சதவீதம். அதே மாதம் என் மச்சான் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தில் கிட்டத்தட்ட அதே வட்டிக்குக் கடன் எடுத்தார். இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் வங்கி கட்சி.

முதல் சுற்றில் மச்சான்தான் ஜெயித்தார். அவர் வீட்டுக்கே ஆள் வந்து கையெழுத்து வாங்கிப் போனார், பத்து நாளில் கடன் கையில். எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி என்று வங்கி வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டு உயிரை வாங்கினார். அந்தச் சல்லடையில் வீட்டின் பத்திரங்களும் சுத்தமாகின்றன என்று பின்னால் சமாதானம் செய்துகொண்டேன். பிராசஸிங் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதம் இரண்டு இடத்திலும் கிடையாது.

விஷயமே வட்டி எப்படி மாறுகிறது என்பதில்தான் இருக்கிறது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கச் சொல்லிவிட்டது ரிசர்வ் வங்கி. பெரும்பாலும் அது ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி. என் சாங்ஷன் கடிதத்தில் 'ரெப்போ + 2.1' என்று இருந்தது. அப்போது ரெப்போ 6.5. 2025ல் நான்கு தடவை குறைத்து 5.25 ஆக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வங்கி வட்டியைத் திருத்தியாக வேண்டும் என்பதால், நான் ஒரு கடிதம்கூட எழுதாமலே 7.35க்கு வந்துவிட்டேன். ஆண்டு வட்டியில் சுமார் 47,000 ரூபாய் மிச்சம். இஎம்ஐயை மாற்றாமல் விட்டதால் தவணைக் காலம் இரண்டரை வருடம் குறைந்தது.

ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்களே ஒரு பிஎல்ஆர் (சொந்த அடிப்படை வட்டி) வைத்திருப்பார்கள், அதிலிருந்து ஆளுக்கேற்பத் தள்ளுபடி. புதிதாக வருபவருக்குத் தள்ளுபடி தாராளம். பழைய ஆள் அதே விகிதத்தில் கட்டிக்கொண்டிருப்பார். மச்சானுக்கு 2025 முழுக்க கால் சதவீதம்தான் இறங்கியது. கேட்டதற்கு, 'கன்வர்ஷன் கட்டணம் கட்டுங்க சார், குறைச்சுத் தர்றோம்' என்றார்கள்.

ரெப்போ ஏறும்போதும் இதே வேகம்தான் என்பதை மறைக்கக்கூடாது. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அதற்கு முன் கடன் எடுத்த என் அலுவலக நண்பருக்குத் தவணைக் காலம் இழுத்துக்கொண்டே போனது. நான் உச்சியில் நுழைந்தவன், எனக்கு இறக்கம் மட்டுமே வாய்த்தது. அந்த அதிர்ஷ்டத்தைக் கழித்துத்தான் என் பேச்சை எடைபோட வேண்டும்.

சொந்தத் தொழில், வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகை குறைவு என்றால் வங்கி முகம் கொடுப்பது கஷ்டம். அங்கே ஹவுசிங் ஃபைனான்ஸ்தான் கதி. தனியார் வங்கியில் நான் கடன் வாங்கியதில்லை, ஆனால் ரெப்போ விதி அவர்களுக்கும் உண்டு.

மச்சான் இப்போது கடனை வங்கிக்கு மாற்றுகிறார். வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி (பத்திரத்தை அடமானம் வைத்ததற்கான பதிவு) ரத்து, புதிய எம்ஓடி எல்லாம் மறுபடியும். அப்புறம் அந்த மூலப் பத்திரத்தையும் தேடிக்கொண்டிருக்கிறார்.