காப்பர் டி-யா, மூணு மாச ஊசியா: தறி ஓட்டுகிறவர்களுக்கு எது தோது?

எங்கள் நகரி, புத்தூர் பக்கம் இரண்டாவது பிள்ளையோடு கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கொள்வதுதான் வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆந்திராவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள திருமணமான பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் அதைச் செய்துகொண்டவர்கள். மிச்சமிருப்பது சின்னக் கூட்டம்: அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுகிறவர்கள், கத்திக்குப் பயந்தவர்கள், என்னைப் போல முடிவைத் தள்ளிப்போட்டவர்கள்.

நான் காப்பர் டி கட்சி. கரு தங்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் சின்னக் கருவி அது. பிரசவமான மறுநாளே வைத்துவிட்டார்கள். 48 மணி நேரத்துக்குள் என்றால் தனியாக ஒரு நடை மிச்சம்.

காப்பர் டி, மூணு மாசக் கருத்தடை ஊசி, இரண்டுமே அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பால்வினை நோயை இரண்டுமே தடுக்காது. ஒழுங்காக இருந்தால் இரண்டுமே தவறுவது அபூர்வம்.

அந்த 'ஒழுங்காக'வில்தான் வம்பே. அந்தரா என்கிற அந்த ஊசியை மூணு மாசத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இங்கே கூலி சேலைக் கணக்கு. தறி நின்றால் காசு நின்றது. பஸ் பிடித்துப் போனால் 'ஸ்டாக் இல்லை, வியாழக்கிழமை வாம்மா' என்பார்கள். நாலு வாரம்வரை தாமதம் பரவாயில்லை. அதைத் தாண்டினால் கர்ப்பம் இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் தேதியை எங்கே பிடிப்பது? நடைமுறையில் ஊசிக்காரர்களில் வருடத்துக்கு 100-க்கு 4 பேர் கர்ப்பமாவது இதனால்தான். காப்பர் டி-யில் 380ஏ என்கிற ரகம் 10 வருடம், 375 என்கிற ரகம் என்றால் 5 வருடம். எடுத்ததும் கரு தங்கலாம். ஊசியை விட்டால் கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாசம்கூட ஆகும்.

ஆனால் காப்பர் டி-யில் முதல் சில மாசம் ரத்தப்போக்கு அதிகம், வலியும் உண்டு. பிரசவத்தோடு வைத்தது சிலருக்கு நழுவிவிடும், ஆறாவது வாரம் காட்டியே ஆக வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஊசிதான் மேல் என்பேன். ஊசியில் பலருக்கு மாதப்போக்கே நின்றுவிடுகிறது. நான் போட்டுக்கொண்டதில்லை, கேட்டதைத்தான் சொல்கிறேன். மறைக்கவும் ஊசி வசதி. தெரிந்த பெண் ஒருத்தி தன் ஊசி அட்டையைப் பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறாள். மாமியாருக்குப் பாப்பாவுக்கு ஊசி என்று கணக்கு!

கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி வைத்துக்கொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

காப்பர் டி வைத்ததும் 380ஏ-வா 375-ஆ என்று கேட்டு, தேதியோடு எழுதி வாங்குங்கள். எடுக்கப் போனால் 'இன்னும் வருஷம் இருக்கே' என்பார்கள். இருக்கட்டும், எடுக்கச் சொல்லுங்கள்.