காளிகேசம் நுழைவுச் சீட்டு டிரெக்கிங் பெர்மிட் ஆகாது

‘காளிகேசத்துக்கு மேலே 2 நாள் டிரெக்கிங், ஆற்றோரம் டென்ட், கேம்ப் ஃபயர், ஃபாரஸ்ட் பர்மிஷன் உட்பட தலைக்கு 3,500 ரூபாய்.’ வாட்ஸ்அப்பில் வந்த இந்த விளம்பரத்தை நம்பி மார்ச் கடைசியில் ஆறு பேர் பணம் கட்டினோம். காளிகேசம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைக்கு அப்பால் இருக்கும் காட்டு ஆற்றங்கரை. நாகர்கோவில் பக்கம் இதே வாசகம் வேறு வேறு நம்பரிலிருந்து இன்னும் சுற்றுகிறது.

கீரிப்பாறை தாண்டியதும் கூட்டிப்போனவரிடம் பெர்மிட்டைக் கேட்டால் நீட்டியது நுழைவுச் சீட்டு. அது பகலில் ஆற்றையும் காளி கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு. மேலே ஏறவோ இரவு தங்கவோ அதில் அனுமதி கிடையாது. யானையும் புலியும் நடமாடும் சரணாலயத்துக்குள் அந்தச் சீட்டோடு மாட்டினால் வழக்கு நம்மேல்தான் விழும், கூட்டிப்போனவர் நழுவிவிடுவார். உண்மையான அனுமதியில் பாதையின் பெயர், தேதி, போகிறவர்களின் பெயர் எல்லாம் இருக்கும். பணம் கட்டுமுன் அதன் படத்தைக் கேளுங்கள்.

கேம்ப் ஃபயர் என்ற சொல்லிலேயே உஷாராகியிருக்க வேண்டும். மலைச்சரிவில் உயரமாய் வளரும் போதைப்புல் சருகாய்க் காய்ந்து கிடக்கும் மாதம் அது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டில் தீப்பிடித்த பிறகுதான் மலையேற்ற விதிகளே இறுகின. 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளையே மூடி வைத்தார்கள். அந்த நாட்களில் தனியார் ஒருவர் மட்டும் ‘ஸ்பெஷல் பர்மிஷன்’ வைத்திருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்?

‘வழியெல்லாம் ஓடை, ஒரு லிட்டர் தண்ணி போதும்’ என்றார் கூட்டிப்போனவர். மார்ச்சில் சின்ன ஓடைகள் வற்றி, பாறை இடுக்கில் இலை அழுகிய குட்டைதான் மிஞ்சும். ஆளுக்கு நாலு லிட்டர் சுமக்க வேண்டும். குட்டைத் தண்ணீர்தான் கதி என்றால் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடிக்கலாம்.

டென்ட் போடக் காட்டிய இடம் ஆற்று மணல்திட்டு. கோடை மழை மதியத்துக்கு மேல் உச்சியில் கொட்டும். கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திபுதிபுவென்று ஏறிவிடும். ஆறு கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ மூட்டையைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

டென்ட்டின் லட்சணம் வேறு: கம்பு விரிசல் விட்டு செல்லோடேப் சுற்றியிருந்தது, மேல்விரிப்பே இல்லை. தரைத்துணியை வெயிலுக்கு நேரே பிடித்தால் சல்லடை. வாடகை டென்ட் எதுவானாலும் வண்டியில் ஏற்றுமுன் இப்படிப் பிடித்துப் பாருங்கள், அரை நிமிஷ வேலை.

மேலே ஏறாமல் திரும்பினோம். ‘அட்வான்ஸ் திரும்பாது’ என்று சொல்லிவிட்டார், இப்போது போனையும் எடுப்பதில்லை. விளம்பரம், அரட்டை, யுபிஐ பரிவர்த்தனை எண் மூன்றையும் பணம் கட்டிய அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அவர் அழித்துவிடுவார். ஆன்லைனில் பணம் போன மோசடிக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.