நீல நிற எல்எம்2596 போர்டு: மேசைக்கு ஓகே, வண்டிக்கு?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ‘ஸ்டெப் டவுன்’, அதாவது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் போர்டு, என்று கேட்டால் பெரும்பாலும் எல்எம்2596 ஐசி வைத்த இந்த நீல போர்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். 43க்கு 21 மில்லிமீட்டர், விலை நூறு ரூபாய்க்குள். டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், மொபைல் சார்ஜர் என்று வண்டியில் மாட்டும் சின்னச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் இதையே போட்டுவிடுகிறார்கள். போர்டு மோசமில்லை. ஆனால் வாங்கியபடியே வண்டிக்குள் வைக்கிற பொருள் இல்லை.

முதல் ஆபத்து, பித்தளைத் திருகு வைத்த அந்த ப்ரீசெட், அதாவது திருகி அவுட்புட் வோல்டேஜை மாற்றும் ரெசிஸ்டர். அது 10 கிலோ ஓம். அதற்குக் கீழே கிரவுண்டுக்குப் போவது 330 ஓம். 5 வோல்ட் கிடைக்க ப்ரீசெட்டில் ஏறக்குறைய 1 கிலோ ஓம் இருந்தால் போதும். மொத்தம் 25 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 400 ஓம், அவுட்புட்டில் 1.5 வோல்ட். குண்டும் குழியுமான ரோட்டில் கால் சுற்று நகர்ந்தாலே கிட்டத்தட்ட 0.4 வோல்ட் மாறிவிடும். அதைவிட மோசம், உள்ளே தொடுமுனை விட்டுப்போவது. அவுட்புட்டை ஐசி அளந்து பார்க்கும் ஃபீட்பேக் கால் 1.23 வோல்ட்டுக்குக் கீழே விழும், வோல்டேஜ் போதவில்லை என்று ஐசி முழுசாகத் திறந்துவிடும். 5 வோல்ட் டிராக்கர் தலையில் பேட்டரி வோல்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே இறங்கும். ப்ரீசெட்டைக் கழற்றிவிட்டு, அவுட்புட் பிளஸ்ஸுக்கும் ஐசியின் 4ஆம் காலுக்கும் (ஃபீட்பேக்) நடுவே 1 கிலோ ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் 4.96 வோல்ட் அசையாமல் நிற்கும். மொத்தச் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.

அடுத்தது இன்புட். ஐசி தாங்கும் உச்சம் 45 வோல்ட், வேலை செய்யும் எல்லை 40. ஓடும் வண்டியில் பேட்டரி வயர் கழன்றால் ஆல்டர்னேட்டர் அடிக்கும் வோல்டேஜ் எகிறல், அதாவது லோட் டம்ப், உள்ளேயே கிளாம்ப் (வோல்டேஜை மட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள ஆல்டர்னேட்டரில் 35 வோல்ட்டோடு நிற்கும். கிளாம்ப் இல்லாததில் 79 முதல் 101 வோல்ட் வரை போகும் என்று வண்டி எலக்ட்ரானிக்ஸுக்கான ஐஎஸ்ஓ 16750 தரநிலை கணக்கு வைக்கிறது. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: பேட்டரி பக்கம் 2 ஆம்ப் பிளேடு ஃபியூஸ், அதன் பின் கிரவுண்டுக்கு, எகிறும் வோல்டேஜை விழுங்கும் எஸ்எம்சிஜே24ஏ டிவிஎஸ் டயோடு, பிறகு தொடரில், கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் எஸ்எஸ்34 ஷாட்கி டயோடு, கடைசியில் போர்டு. வயரை மாற்றிக் கொடுத்தாலும் டிவிஎஸ் கடத்தி ஃபியூஸ் போகும், போர்டு பிழைக்கும். டிவிஎஸ் 26.7 வோல்ட்டில்தான் விழிக்கும் என்பதால் 24 வோல்ட் ஜம்ப் ஸ்டார்ட்டுக்கும் (வெளி பேட்டரி கொடுத்து வண்டியைக் கிளப்புவது) தொந்தரவில்லை. கிளாம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரின் முழு லோட் டம்ப்பை இந்த டிவிஎஸ் தாங்காது, ஷார்ட் ஆகி ஃபியூஸை எடுத்துவிடும். அது பரவாயில்லை. இன்புட் கெப்பாசிட்டர் மேல் 35 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் 50 வோல்ட்டுக்கு மாற்றுங்கள்.

‘3 ஆம்ப்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். 12இலிருந்து 5க்கு இறக்கும்போது திறன் 80 சதவீதம் அளவுதான். 2 ஆம்ப் எடுத்தால் 2.5 வாட் சூடாகிறது. சீட்டுக்கடியில் மூடிய டப்பாவில் 1 ஆம்ப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதில் போலி ஐசி தொல்லை வேறு. அசல் 150 கிலோஹெர்ட்ஸில் ஓடும், போலிகள் பல 50 பக்கம். அதே 33 மைக்ரோஹென்ரி காயிலில் ரிப்பிள் கரண்ட் (காயிலில் ஏறி இறங்கும் கரண்ட்) 0.6 ஆம்ப்பிலிருந்து 1.8க்குத் தாவும். காயிலும் கெப்பாசிட்டரும் கொதிக்கும். ஆசிலோஸ்கோப் இருந்தால் ஐசியின் 2ஆம் காலில் (அவுட்புட்) வைத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

பைக்கில் வேறொரு சிக்கல். சும்மா இருக்கும்போதே ஐசி 5 மில்லிஆம்ப் குடிக்கும், எல்ஈடி தனிக் கணக்கு. நாளுக்கு 0.12 ஆம்ப்-ஹவர். 5 ஆம்ப்-ஹவர் பேட்டரியை நாற்பது நாளில் காலி பண்ணும், செல்ஃப் அதற்கு வெகு முன்பே இழுக்க மறுக்கும். இக்னிஷன் லைனில் இருந்து எடுங்கள். எப்போதும் விழித்திருக்க வேண்டிய டிராக்கருக்கு இது தோதில்லை, எல்எம்5164 போன்ற சில பத்து மைக்ரோஆம்ப்பில் அடங்கும் ஐசி வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 6 வோல்ட்டுக்கு விழுந்தால் அவுட்புட்டும் சேர்ந்து விழும், டேஷ்கேம் ரீஸ்டார்ட் ஆகும். ஷாட்கிக்குப் பின் 2200 மைக்ரோஃபாரட் சேர்த்தால் சரியாகும் என்பார்கள். அரை ஆம்ப் லோடுக்கு அது 30 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். விழவே கூடாது என்றால் வோல்டேஜை இறக்கவும் ஏற்றவும் தெரிந்த பக்-பூஸ்ட் வகைதான் வழி.

காயிலையும் உயரமான கெப்பாசிட்டர்களையும் போர்டோடு சேர்த்து நியூட்ரல் க்யூர் (உலரும்போது அமிலம் விடாத) சிலிகானால் ஒட்டுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிகான் செம்பை அரிக்கும். ஐசிக்கு அடியில் மட்டும் பூசாமல் விட்டு, அலுமினியத் தகட்டோடு தெர்மல் பேட் வைத்துத் திருகலாம்.

24 வோல்ட் லாரிக்கு இது வேண்டவே வேண்டாம். கிளாம்ப் செய்த லோட் டம்ப்பே 65 வோல்ட் வரை வரும், இதே ஐசியின் உயர் வோல்டேஜ் வகையான எச்வி ரகமும் 63க்கு மேல் தாங்காது. 12 வோல்ட் வண்டியில் மேலே சொன்னதெல்லாம் செய்து, இக்னிஷனில் மாட்டி, 1 ஆம்ப்புக்குள் ஓட்டினால் 5க்கு 3.5 மதிப்பெண் கொடுக்கலாம். அப்படியே மாட்டினால் 1.