கபுகிச்சோவில் போன 61,490 யென்: டோக்கியோ கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பில் 61,490 யென். நம்ம காசுக்கு 35,000 ரூபாய் பக்கம். சாப்பிட்டது அவித்த பச்சை சோயா ஒரு கிண்ணம், உருளைக்கிழங்கு வறுவல் ஒரு தட்டு, கொஞ்சம் வெள்ளரி ஊறுகாய். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அடுத்தடுத்து ஆபீஸில் ஆட்கள் டோக்கியோ கிளம்புகிறார்கள், அதனால் எழுதிவிடுகிறேன்.

சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் நாலு ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டாலும் அசராமல் நடக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் ஏமாந்ததற்கு அந்த ஊரின் நல்ல பெயர்தான் காரணம். போய் இறங்கிய மறுநாளே ஒரு கடை கவுண்டரில் போனை மறந்து வைத்துவிட்டு வந்தேன். வேலை செய்கிற பெண் தெரு முனை வரை ஓடிவந்து, இரண்டு கையாலும் நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதோடு என் உஷாரெல்லாம் போயிற்று. ஜப்பானில் யார் ஏமாற்றப் போகிறார்கள்?

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி இருக்கும். நானும் ஆபீஸ் நண்பனும் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில், ராத்திரிக் கடைகள் நிறைந்த கபுகிச்சோ பக்கம் சுற்றிக்கொண்டிருந்தோம். போனில் பார்த்து வைத்திருந்த ஒரு இசகாயாவைத் தேடினோம். இசகாயா என்றால் குடிக்கவும் கொறிக்கவும் சாதாரண ஜனங்கள் போகிற கடை. தெருவில் ஒலிபெருக்கியில் யாரோ விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்மூர் கோயில் திருவிழா அறிவிப்பு மாதிரி ஏதோ விளம்பரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒரு பையன் வந்து, என் போன் திரையை எட்டிப் பார்த்தான். நல்ல ஆங்கிலத்தில், "இந்தக் கடையா? நான் அங்கேதான் வேலை செய்கிறேன். இப்போ ஃபுல். பக்கத்திலேயே எங்கள் இன்னொரு கிளை இருக்கு. 3,000 யென், இரண்டு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்" என்றான். பின்னால் விசாரித்தால், இதுதான் அங்கே ரொம்பப் பழைய தந்திரமாம். நாம் தேடின கடை நிரம்பியும் இருக்காது, அவன் அங்கே வேலை செய்கிறவனும் இல்லை.

ஒடுக்கமான ஒரு கட்டடம். லிஃப்டில் ஐந்தாவது மாடி. வாசலில் விலைப்பலகை கிடையாது. உட்கார்ந்ததும் சின்னக் கிண்ணத்தில் ஏதோ கொண்டுவந்து வைத்தார்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் ஓதோஷி. கேட்காமலே வரும், அதற்குக் காசும் உண்டு. நியாயமான கடைகளிலும் தலைக்கு 300 முதல் 500 யென் வரை வாங்குவார்கள். அது அந்த ஊர் வழக்கம், அதற்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். எங்களுக்குப் போட்டது தலைக்கு 2,000.

பில் வந்தபோது நண்பன்தான் முதலில் பார்த்தான். "மச்சி, பூஜ்யம் ஒண்ணு கூட இருக்குடா."

கூட இல்லை, சரியாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததற்கு ஆளுக்கு 5,000. 3,000 யென் திட்டம் வேண்டுமென்றால் ஆளுக்கு ஐந்து ஐட்டம் சாப்பிட்டிருக்க வேண்டுமாம், நாங்கள் சாப்பிடவில்லை. அதனால் குடித்த ஏழு கிளாஸுக்கும் தலா 1,800. மூன்று தட்டுக்கு 6,400. வார இறுதிக் கட்டணம் 10,000. எல்லாவற்றின் மேலும் 30 சதவீதம் சர்வீஸ், அதற்கும் மேல் 10 சதவீதம் நுகர்வு வரி. அந்த நிபந்தனை மெனுவின் கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், ஜப்பானிய மொழியில் இருந்தது. கடைக்காரன் விரலை வைத்துக் காட்டினான். யாரும் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. இரண்டு பேர் கதவருகே வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

கார்டு எடுக்காது, பணம்தான் வேண்டும் என்று ஒருவன் ஏடிஎம் வரை கூடவே நடந்து வந்தான். போகிற வழியில் ஒரு கோபன் இருந்தது. கோபன் என்றால் தெருமுனை போலீஸ் சாவடி. சிவப்பு விளக்கு எரிகிறது, உள்ளே இரண்டு போலீஸ்காரர்கள். அதைத் தாண்டிப் போய்ப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதே கோபனுக்குத் திரும்பி வந்தேன். என் முட்டாள்தனத்தின் உச்சம் அதுதான்.

போலீஸ்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ரசீது இருக்கிறதா என்றார். இல்லை. கடைப் பெயர்? தெரியாது. கொடுப்பதற்கு முன்னால் வந்திருக்கலாமே என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். வெளியே ஒலிபெருக்கி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன சொல்கிறது என்று கேட்டேன். தெருவில் கூப்பிடுகிறவன் பின்னால் போகாதீர்கள், ஏமாற்றுவார்கள் என்று சொல்கிறதாம். ஷின்ஜுகுவில் இப்படி ஆள் பிடிப்பதற்கு எதிராக 2013-லேயே விதி போட்டிருக்கிறார்கள்.

ஆகவே, கபுகிச்சோவோ, இதே மாதிரி ராத்திரிக் கடைகள் உள்ள ரோப்போங்கியோ, தெருவில் கூப்பிடுகிறவன் பின்னால் போகவே போகாதீர்கள், எவ்வளவு நல்ல பையனாகத் தெரிந்தாலும் சரி. தேடிப் போகிற கடை நிரம்பியிருக்கிறதா என்பதை அந்தக் கடை வாசலில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் பணம் கொடுப்பதற்கு முன் "கோபன் இகிமாஷோ", அதாவது கோபனுக்குப் போகலாம் வா, என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிடுங்கள். போலீஸ் எண் 110. மெனுவையும் பில்லையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸைக் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். இந்தப் பகுதிகளில் பானத்தில் மயக்க மருந்து கலந்து கார்டைத் தேய்ப்பதைப் பற்றி அமெரிக்கத் தூதரகமே எச்சரித்திருக்கிறது.

அன்று கடைசி ரயிலும் போய்விட்டது, நள்ளிரவை ஒட்டி நின்றுவிடுகிறது. ஒரு வேன்காரன் வந்து, நாங்கள் தங்கியிருந்த அசகுசாவுக்கு வரட்டுமா என்றான். நம்பர் பலகை வெள்ளை. அங்கே உரிமம் உள்ள டாக்சிக்குப் பச்சைப் பலகை. இதையாவது படித்து வைத்திருந்தேன். பச்சைப் பலகை வண்டிதான் பிடித்தோம். இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை 20 சதவீதம் கூடுதல், ஆனால் மீட்டரில் வந்ததைத்தான் வாங்கினார். பின்கதவைத் தொடாதீர்கள், தானே திறந்து தானே மூடும்.

இன்னொரு வயிற்றெரிச்சல், இது சென்னையிலேயே நடந்தது. டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் "சார், ஜேஆர் பாஸ் கட்டாயம் வேணும்" என்று ஏழு நாள் பாஸை, அதாவது ஜேஆர் என்கிற ரயில் நிறுவனத்தின் வண்டிகளில் நாடு முழுக்கப் போய்வருகிற சீட்டை, தலையில் கட்டிவிட்டார். 29,650 யென்னாக இருந்தது 2023 அக்டோபரில் 50,000 ஆகிவிட்டது. புல்லட் ரயிலில் கியோத்தோ போய்வந்தாலே அவ்வளவு ஆகாது. நாங்களோ டோக்கியோவைத் தாண்டவே இல்லை. நாங்கள் தங்கிய அசகுசாவுக்குப் போகிற கின்சா லைன் மெட்ரோவில் அந்தப் பாஸ் செல்லவும் செல்லாது. ஒரு சுய்கா கார்டில் பணம் போட்டுக்கொண்டால் மெட்ரோ, பஸ், கடை என எல்லாவற்றுக்கும் போதும்.

மறுநாள் ராத்திரி அசகுசாவிலேயே, தரைத்தளத்தில், வாசலில் விலையோடு படம் ஒட்டியிருந்த ஒரு இசகாயாவுக்குப் போனோம். அதே பச்சை சோயா 350 யென். ஓதோஷி தலைக்கு 400. இரண்டு பேருக்கும் சேர்த்து 4,300. நண்பன் ரசீதை வாங்கி வரி வரியாகக் கூட்டிப் பார்த்தான், அந்தக் கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே நின்றார்.