கூஸு நின்ற பிறகு லேடிபக்: வம்சாவளி நோட்டை ஏற்றிப் பார்த்தவனின் அனுபவம்

அப்பா ஒரு நீள நோட்டில் எங்கள் வகையறாவின் வம்சாவளியை எழுதி வைத்திருந்தார். ஏழு தலைமுறை. பெண் கொடுத்தது, எடுத்தது எல்லாம் சிவப்பு மையில் கோடு இழுத்திருப்பார். அவர் காலமான பிறகு அதைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். எங்களுக்குள் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணங்கள் அதிகம். ஒரே ஆள் ஒரு வழியில் எனக்கு மச்சான், இன்னொரு வழியில் சித்தப்பா. கட்டம் போட்ட அட்டவணையில் அடங்குகிற சங்கதி இல்லை இது.

அப்படித்தான் கூஸுவிடம் வந்தேன். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வில் பிறந்த கிராஃப் டேட்டாபேஸ், அதாவது ஆட்களைப் புள்ளிகளாகவும் உறவுகளை அவர்களை இணைக்கும் கோடுகளாகவும் வைக்கிற தரவுத்தளம். தனியாக சர்வர் ஓட்ட வேண்டாம். எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் போல நம் நிரலுக்குள்ளேயே ஓடும். கடைசிப் பதிப்புகளில் மொத்தத் தரவும் ஒரே கோப்பில் இருந்தது. கேள்விகளை சைஃபர் என்ற கிராஃப் வினவல் மொழியில் கேட்கலாம். என் பழைய மடிக்கணினிக்கு அதுவே பெரிய உபகாரம்.

2025 அக்டோபரில் அதன் மூல நிரல் இருக்கிற களஞ்சியத்தை உருவாக்கியவர்களே பூட்டிவிட்டார்கள். படிக்கலாம், எடுக்கலாம், இனி புதிதாக எதுவும் சேராது. கடைசியாக வந்தது 0.11.3. அதில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: ஜேசன், முழு உரைத் தேடல், வெக்டர், அல்காரிதம் ஆகிய நான்கு நீட்சிகளையும் (கூடுதல் வசதிகளைத் தரும் துணை நிரல்கள்) உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். ஆனாலும் பல மாதம் உட்கார்ந்து ஏற்றிய பெயர்களை ஆளில்லாத வீட்டில் விட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எம்ஐடி என்ற தாராளமான திறமூல உரிமம் என்பதால் யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துத் தொடரலாம். எடுத்தார்கள். கினிவிஸ் நிறுவனம் பிக்ஹார்ன் என்று ஒன்றைத் தொடங்கியது. அருண் சர்மா லேடிபக்கைத் தொடங்கினார். ரியூகிராஃப் என்று இன்னொன்றும் உண்டு. நான் லேடிபக்கை எடுத்தேன். ஒரு கம்பெனியின் சரக்காக இல்லாமல் சமூகமாக நடத்துவோம் என்று அவர்கள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மாறுவது ஒரு மாலை வேலை. பழைய கோப்பை நேரடியாகத் திறக்க நான் முயலவே இல்லை. கூஸுவில் 'எக்ஸ்போர்ட் டேட்டாபேஸ்' கொடுத்தால் அட்டவணை வரையறைகள் ஒரு கோப்பாகவும் தரவு பார்க்கே என்ற பொதுவான வடிவக் கோப்புகளாகவும் வெளியே வரும். புதியதில் 'இம்போர்ட்'. பைத்தான் நிரலில் இறக்குமதி வரியை 'ரியல் லேடிபக்' என்று மாற்றினேன். அப்புறம் ஆட்களை எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் விடுபடவில்லை. கொள்ளுப்பாட்டி பெயரில் இருந்த ஒற்று உட்பட எல்லாம் அப்படியே இருந்தது.

போன மாதம் சித்தப்பா போன் செய்து, "இந்தப் பொண்ணு நமக்கு என்ன முறைடா வேணும்?" என்று கேட்டார். ஒரு வரன் விஷயம். முதல் கேள்வி, பங்காளியா இல்லையா? தகப்பன் உறவை மட்டும் பிடித்து இரண்டு பக்கமும் ஏழு படி ஏறி, பொது ஆள் யாராவது கிடைக்கிறாரா என்று தேடினால் போதும். கிடைக்கவில்லை. சரி, வேறு எத்தனை வழியில் உறவு என்று ஆறு படிக்குள் தேடினேன். நூற்றுக்கணக்கில் பாதைகள் கொட்டின. காரணம் உண்டு. நியோஃபோர்ஜே என்ற பிரபலமான கிராஃப் டேட்டாபேஸில் ஒரு பாதை ஒரே உறவை இரண்டு முறை மிதிக்காது. கூஸு வழியில் வந்ததில் மிதிக்கலாம். மகனிடமிருந்து தகப்பனுக்குப் போய், அதே மகனிடம் திரும்பி வரும். கேள்வியில் எத்தனை படி என்று சொல்கிற நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில் 'அசைக்ளிக்', அதாவது ஒரே ஆளை இரண்டு முறை தொடாதே, என்று சேர்த்தேன். மூன்று பாதைகள் மட்டும் மிஞ்சின. மூன்றிலும் கட்டிக்கொள்கிற முறைதான் வந்தது. சித்தப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எந்த வகை ஆள், எந்த வகை உறவு என்று அட்டவணைகளை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு இது கடுப்படிக்கும். எனக்கு அது நல்லதாகவே பட்டது. தாய், தகப்பன், திருமணம் என்று மூன்றே உறவில் மொத்த நோட்டும் அடங்கியது.

என் கவலை வேறு. நிரலுக்குள் ஓடுகிற டேட்டாபேஸை லினக்ஸ், மேக், விண்டோஸ் என்று ஒவ்வொன்றுக்கும், பைத்தான், நோட்.ஜேஎஸ், ஜாவா என்று ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகக் கட்டிச் சோதித்து வெளியிட வேண்டும். நீட்சிகளையும் யாராவது எங்காவது வைத்துக் கொடுக்க வேண்டும். உரிமம் நகலெடுக்க விடும். இந்த அன்றாட வேலையை ஆட்கள்தான் செய்ய வேண்டும். இருக்கிற கொஞ்சம் கைகளும் மூன்று கிளைகளாகப் பிரிந்து நிற்பது எனக்கு வருத்தம்.

சொந்த வேலைக்கு, சிறு குழுவின் கருவிக்கு, தைரியமாக எடுக்கலாம். பெரிய வாடிக்கையாளரின் தரவு என்றால் கிளையின் போக்கைச் சில மாதம் கவனித்துவிட்டு இறங்குங்கள். நான் மாதம் ஒரு முறை பார்க்கே நகல் எடுத்து பென் டிரைவில் போட்டு, அப்பாவின் நோட்டு இருக்கிற அதே பீரோவில் வைக்கிறேன். தமிழ்ப் பெயர்களை வைத்து ஒரு சிறு சோதனை எழுதியிருக்கிறேன். இந்த வாரம் லேடிபக்குக்கு அனுப்புகிறேன்.